பத்தாவதில் 462 எடுத்த பெண் வரலாறு குரூப் கேட்கிறாள், சேலத்தில் எங்கே சேர்க்கலாம்?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

வணக்கம்ங்க. செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், இந்த குரூப், கட் ஆஃப் சமாச்சாரமெல்லாம் எனக்குப் பிடிபடாது. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூத்த பெண் இந்த வருடம் பத்தாவது, 500க்கு 462. ரிசல்ட் வந்த அன்று மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு வேலையை அவளுக்கு முடிவு பண்ணிவிட்டார்கள். என் மச்சான் பயாலஜி குரூப் என்கிறார், நீட் கோச்சிங்குக்குப் பாதிப் பணம் தானே கட்டுவதாகவும் சொல்கிறார். என் அண்ணன் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். இவள் எல்லோர் பேச்சுக்கும் தலையாட்டிவிட்டு ராத்திரி சாப்பிடும்போது "எனக்கு வரலாறு குரூப்தான் வேணும்ப்பா" என்றாள். அவள் அம்மா அன்றைக்கு சாப்பிடவே இல்லை.

அவள் படித்த மெட்ரிக் பள்ளியில் விசாரித்தேன், அங்கே வரலாறு குரூப்பே கிடையாதாம். ஆபீசில் இருந்த மேடம் "இந்த மார்க்குக்கு எதுக்கு சார் இப்படி ஒரு முடிவு" என்று என்னைப் பாவமாகப் பார்த்தார். இன்னொரு பள்ளியில் காமர்ஸ் இருக்கிறது, ஆனால் வரலாறு இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் வைத்துவிட்டார்கள். ஒரு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்று ஒரு குரூப் இருக்கிறது. அங்கே சேர்க்கலாம் என்றால் "அது மார்க் கம்மியான பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற குரூப்" என்று தெருவே சொல்கிறது.

அவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தால் எங்களிடம் வேலை செய்யும் பெரியவர் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவர் எந்த வயதில் தொழிலுக்கு வந்தார், அப்போது கிலோவுக்கு என்ன கூலி, மெஷின் செயின் வந்தபோது எத்தனை பட்டறை மூடியது, யார் யார் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவாள். அவரும் வேலையைப் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார், எனக்குத்தான் ஆர்டர் தாமதமாகும்.

படித்தால் பிழைக்க முடியுமா, அதுதான் கேள்வி. பிடித்ததைப் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு இருபத்தைந்து வயதில் அவள் என்னைப் பார்த்து "நீங்களாவது சொல்லியிருக்கலாமேப்பா" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? சேலத்தில் இந்த குரூப்பை ஒழுங்காக நடத்துகிற பள்ளி எதாவது இருந்தாலும் சொல்லுங்க.

அம்மாபேட்டை டு பெங்களூர்

அண்ணா, கோபப்படாதீங்க, நேராகவே சொல்கிறேன். வரலாறு பிடிக்கும் என்றால் வரலாற்றுப் புத்தகம் வாங்கிக் கொடுங்க, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போங்க. குரூப் எடுப்பது வேறு விஷயம்.

கணக்கு, அறிவியல் எடுத்த பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு மனசு மாறினால் பி.ஏ. வரலாறு சேரலாம், பி.காம் சேரலாம், சட்டம் படிக்கலாம். வரலாறு குரூப் எடுத்த பிள்ளைக்கு மனசு மாறினால் பி.இ. கிடையாது, நீட் கிடையாது, நர்சிங், பார்மசிகூட கஷ்டம். பதினைந்து வயதில் ஏன் அந்த வழியையெல்லாம் அடைக்க வேண்டும்? மிடில் கிளாஸ் குடும்பத்துக்கு இந்தக் கணக்குதான் முக்கியம். பிடித்ததைப் படி என்று சொல்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்க.

இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் வரலாறு என்ற பெயரில் நடப்பது என்ன? கைடைப் பார்த்து ஐந்து மார்க் கேள்விக்குப் பாயிண்ட் பாயிண்டாக மனப்பாடம் பண்ணுவதுதான். உங்க பெண் பட்டறையில் செய்கிற வேலை இருக்கிறதே, அதை எந்த குரூப்பும் அவளுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. அதை அவள் ஃபர்ஸ்ட் குரூப் படித்துக்கொண்டேகூட செய்யலாம்.

எங்க தெருவில் பி.ஏ. படித்த பையன்கள் இருக்கிறார்கள். நல்ல அறிவாளிகள். ஜவுளிக்கடையில் பில் போடுகிறார்கள். அதைத் தப்பு என்று சொல்லவில்லை, 462க்கு அது போதுமா என்று யோசியுங்க.

மெக்கானிக்கல் முடித்தவன்

மேலே அண்ணன் சொன்னதில் அந்த வழி அடைபடும் விஷயம் உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வழியில் போன ஆள் நான்தான், இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்க.

ஃபர்ஸ்ட் குரூப், அப்புறம் சங்ககிரி தாண்டி ஒரு காலேஜில் மெக்கானிக்கல். கேம்பஸில் வந்த கம்பெனி கொடுத்த சம்பளத்தில் ஓசூரில் ரூம் வாடகையும் சாப்பாடும் போனால் வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. விட்டுவிட்டு வந்து இப்போது ஐந்து ரோடு பக்கம் ஒரு கோச்சிங் சென்டரில் டி.என்.பி.எஸ்.சி. (அரசு வேலைக்கான தேர்வாணையம்) நடத்துகிற குரூப் 2, குரூப் 4 தேர்வு இரண்டுக்கும் தயாராகிறேன். என் பெஞ்சில் இருக்கிறவர்களில் பாதிக்கு மேல் பி.இ.தான். மேசையில் என்ன புத்தகம் தெரியுமா? ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை சமூக அறிவியல், வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல். அப்புறம் ஆறாவது முதல் பத்தாவது வரை தமிழ்ப் புத்தகம். குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25தான் திறனறி கணக்கு. தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாவதில் சமூக அறிவியல் பீரியடை "இதெல்லாம் சும்மா படிச்சுக்கலாம்" என்று கணக்கு டெஸ்டுக்கு விட்டுக்கொடுத்த அதே பசங்கதான் இப்போது பணம் கட்டி அதையே படிக்கிறோம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. காலேஜ் பஸ்ஸில் தினமும் சங்ககிரி மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே போவேன். தீரன் சின்னமலையை 1805இல் அங்கேதான் தூக்கிலிட்டார்கள் என்பது பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது, நானும் எழுதி மார்க் வாங்கியவன்தான். ஆனாலும் அந்தப் பாடத்தில் இருக்கிற கோட்டையும் ஜன்னலில் தெரிகிற கோட்டையும் ஒன்றுதான் என்று கோச்சிங் சென்டர் வந்த பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

ஆனால் ஐயா, டி.என்.பி.எஸ்.சி.க்கு உதவும் என்பதற்காக மட்டும் பெண்ணை வரலாறு குரூப்பில் சேர்க்காதீங்க. அந்தத் தேர்வுக்குப் படிக்கிற வரலாறு நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கிற வரலாறு. இரண்டு வருடத்தில் எவரும் அதைத் தேற்றிக்கொள்ளலாம். உங்க பெண் நோட்டில் எழுதுவது அந்த ரகம் இல்லை.

வாழப்பாடி வாத்தியார்

ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் நான். பெங்களூர் தம்பி சொன்னதில் "கைடு, மனப்பாடம்" என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லித்தான் எல்லோரும் பாடத்தையே தள்ளிவைக்கிறார்கள். இயற்பியலையும் இங்கே கைடு வைத்துத்தான் படிக்கிறார்கள் தம்பி. பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை உருட்டிய தனியார் பள்ளிகளால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வே கொண்டுவந்தார்கள், இப்போது அதை எடுத்தும் விட்டார்கள். அப்படி உருட்டினார்கள் என்பதற்காக இயற்பியல் வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? நடத்துகிற விதம் கெட்டுப்போனால் அறிவியலுக்கு டியூஷன் வைக்கிறோம், வரலாற்றுக்கு மட்டும் குரூப்பையே மூடுகிறோம்.

எப்படி நடத்தலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம் வரும். ஹிட்லர், முசோலினி, நேச நாடுகள், அச்சு நாடுகள். எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பல பேர் வீட்டில் மரவள்ளிக் காடு, இல்லையென்றால் அப்பாவோ அம்மாவோ சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வேலை. ஆலையிலிருந்து வரும் புளித்த வாடை வகுப்பு வரைக்கும் வீசும். அந்தப் பாடத்தை நான் ஜவ்வரிசியிலிருந்துதான் தொடங்குவேன். போரில் ஜப்பான் மலேயாவைப் பிடித்தது, அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது, அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் முளைத்தது. இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து "அப்ப ஹிட்லர் இல்லைன்னா எங்கப்பாவுக்கு வேலை இல்லையா சார்" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அன்று முழுப் பீரியடும் அந்தக் கேள்விக்கே போனது. ஒரு காரணம், இரண்டு காரணம் என்று அடுக்கி, போர் வந்தது மட்டும் போதுமா, மரவள்ளி இங்கே ஏற்கனவே விளையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், மானாவாரி நிலம் இல்லாமல் வாய்க்கால் பாசனமாக இருந்திருந்தால் யார் கிழங்கு போட்டிருப்பார்கள் என்று அவர்களே பேசினார்கள். பரீட்சையில் இதற்கு ஒரு மார்க்கும் கிடையாது.

இன்னொன்று, "ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர் யார்?" என்று ஒரு மார்க் கேள்வி. தாமஸ் மன்றோ என்று எழுதினால் மார்க். ஆனால் மன்றோ அதைப் பழகியதே நம்ம பக்கம்தான். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீட் என்கிற ராணுவ அதிகாரியைத்தான் நிர்வாகத்துக்கு அனுப்பினார்கள். அவருக்கு உதவியாளராக வந்த இளைஞர் மன்றோ, 1799 வரை இங்கே இருந்தார். ஊர் ஊராக நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவன் பெயரிலேயே வரி போடலாமா என்று பார்த்தது இந்த மண்ணில்தான். மன்றோ பின்னால் சென்னை மாகாண கவர்னர் ஆனதும் அது மாகாணம் முழுக்கப் போனது. உங்கள் பெயரில் ஒரு பட்டா இருக்கிறதே, அதன் பூர்வீகம் அதுதான். இது தெரிந்த ஒரு பிள்ளை தாலுகா ஆபீஸ் கவுண்டரில் நிற்பதற்கும் தெரியாத பிள்ளை நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது பட்டறைக்காரருக்கு. அரசுப் பள்ளியில் அந்த குரூப் தாராளமாகச் சேருங்கள். "மார்க் கம்மியான பிள்ளைகள் குரூப்" என்பது பாதி உண்மைதான், மறைக்கவில்லை. அட்மிஷன் கடைசியில் மிச்சமாகிற பிள்ளைகளை அங்கே போடுவதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் முதுகலை ஆசிரியர் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) எழுதி வந்தவராக இருப்பார், வகுப்பில் கவனிக்கிற ஒரு பிள்ளை கிடைத்தால் அவருக்கே சந்தோஷம். ஒரே ஒரு விஷயம், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயைக் கணக்கில் வைக்காதீர்கள். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால்தான் அது, மெட்ரிக்கில் படித்தவளுக்கு வராது.

காப்பிக்காடு (ஏற்காடு)

பெரியவர் சொன்ன பட்டா பேச்சைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடி (கேரளத்து மலையாளி இல்லை), எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி, பி.காம். என் தங்கை பி.ஏ. சமூகவியல். அவளைச் சேர்த்தபோது எங்கள் மாமா "இதைப் படிச்சு மலையில என்ன பண்ணப்போற, மிளகு பறிக்கவா" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் வன உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். 2006இல் வந்த சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து உழுகிற பழங்குடிக்கு உரிமை உண்டு என்கிறது. அதற்குச் சாட்சியம் வேண்டும். ஒரு அலுவலகத்தில் "ரசீது இருக்கா, டாக்குமென்ட் இருக்கா" என்று கேட்டுவிட்டு இல்லை என்றதும் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டார்கள். எங்களுக்கும் அவ்வளவுதான் போலிருக்கிறது என்றுதான் தோன்றியது. தங்கைதான் சட்டத்தோடு வந்த விதிகளை எடுத்து உட்கார்ந்து படித்தாள். 13ஆவது விதியில் என்னென்ன சாட்சியம் ஏற்கலாம் என்று இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் பதிவு செய்தால் அது சாட்சியம். பழைய சுடுகாடு, கோயில், கிணறு, வீட்டு அடித்தளம் இவையும் சாட்சியம். பழைய கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு), சென்சஸ், சர்வே அறிக்கையும் சாட்சியம்.

அப்புறம் அவள் செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டியிடமும் போய் "எந்த வருஷம்" என்று கேட்டால் பதில் வராது என்று அவளுக்குத் தெரியும், காலேஜில் ஃபீல்டு வொர்க் செய்தவள். "உங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அந்தப் பலாமரம் எவ்வளவு உயரம்? மேட்டூர் டேம் கட்டினது உங்கள் அப்பா பார்த்தாரா? அந்த வருஷம் பஞ்சத்தில் எதைச் சாப்பிட்டீர்கள்?" இப்படித்தான் கேட்பாள். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லாமல் தனித்தனியாகக் கேட்பாள், பிறகு இரண்டையும் ஒத்துப்பார்ப்பாள். 1918இல் ரிச்சர்ட்ஸ் என்கிற அதிகாரி எழுதிய சேலம் மாவட்ட கெசட்டியரை நெட்டில் தேடி எடுத்து, மலைக்கிராமங்கள் பற்றிய பக்கங்களை பிரிண்ட் போட்டு, கிராமசபையில் தமிழில் படித்துக் காட்டினாள். எங்கள் மாமா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, முடிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அந்த ஃபைல் ஓரத்தில் இல்லை. நான் படித்த பி.காம் இதில் ஜெராக்ஸ் செலவைக் கணக்குப் பார்க்கத்தான் உதவியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சாதிக்கு சேலம், தர்மபுரி மாவட்டங்களில் எஸ்.டி. சான்றிதழ் உண்டு. அதே மலையாளி மக்கள் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருந்தால் கிடையாது, மாவட்டப் பெயரை வைத்துப் போட்ட பட்டியலில் அந்தப் பக்கம் விட்டுப்போயிற்று. ஒரு எல்லைக்கோட்டால் ஒரு பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வரும், பெரியப்பா மகனுக்கு வராது. இது எப்படி வந்தது என்று புரிந்துகொள்ளவும், மனு எழுதவும், வாதாடவும் எந்த குரூப் படிக்க வேண்டும் என்று பெங்களூர் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

பட்டறை ஐயா, உங்கள் பெண் அந்தப் பெரியவரிடம் எழுதிய நோட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும், சொன்னவர் பெயரும், வயதும் போடச் சொல்லுங்க. என் தங்கை சொல்லச் சொன்னாள்.

கௌரவம் மட்டும்

நான் ஒரு அரசு கலைக் கல்லூரியில் வரலாற்றுத் துறை கௌரவ விரிவுரையாளர், பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மாதம் 25,000, அதுவும் வருடத்துக்கு 11 மாதம்தான். எம்.ஏ., எம்.ஃபில்., விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்வு எல்லாம் முடித்துவிட்டு வாங்குகிற சம்பளம் இது. பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். வரலாறு படித்து வரலாறு வாத்தியாராகத்தான் ஆவேன் என்று உங்கள் பெண் நினைத்தால் வரிசை ரொம்ப நீளம்.

ஆனால் இந்தத் திரியில் எல்லோரும் வரலாறு எடுக்கிற பிள்ளையைப் பற்றியே பேசுகிறோம். எனக்குக் கவலை எடுக்காத பிள்ளைகளைப் பற்றித்தான். பி.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பார்ட் 1 தமிழ், பார்ட் 2 ஆங்கிலம் உண்டு. வேலைக்குப் போகிற இடத்தில் பார்ட் 3 (முக்கியப் பாடம்) சதவீதத்தைத்தான் கேட்பார்கள் என்று முதல் செமஸ்டரிலேயே சீனியர் சொல்லிக்கொடுத்துவிடுவான். அதற்குப் பிறகு தமிழ் வகுப்பில் பிசிக்ஸ் ரெக்கார்டு எழுதுவார்கள். தமிழ் அம்மாவும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

இன்ஜினியரிங்கில் 2022-23இலிருந்து அண்ணா பல்கலைக்கழகம் முதல் வருடத்தில் "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்" என்று இரண்டு பாடம் வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட். பாடத்திட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும்: திணைக் கோட்பாடு, சிற்பம், நெசவு, ஏரிப் பாசனம், இரும்பு உருக்கு என்று எல்லாம் இருக்கிறது. நடத்துவது யார்? எனக்குத் தெரிந்த ஒரு காலேஜில் மெக்கானிக்கல் லெக்சரர் நடத்துகிறார். அங்கே வரலாறோ தமிழோ படித்த ஒருவரையும் வேலைக்கு வைக்கவில்லை. அவர் நல்ல மனிதர், "எனக்கே தெரியாது, ஒரு மணி நேரம் வந்து பேசிவிட்டுப் போங்க" என்று என்னைக் கூப்பிட்டார்.

போனேன். மேட்டூர் பக்கத்துத் தெலுங்கனூர், மாங்காடு இரண்டு இடத்திலும் கிடைத்த பழைய இரும்பு வாள்களைப் பற்றிப் பேசினேன். இரண்டுமே நம்ம சேலம் மாவட்டம். கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டு என்று காலம் கணித்திருக்கிறார்கள், தெலுங்கனூர் வாள் வெறும் இரும்புகூட இல்லை, கார்பன் கூடுதலாக இருக்கிற எஃகு. அதற்கு மேல் நான் அதிகம் பேசவே வேண்டியிருக்கவில்லை. ஒரு பையன் எழுந்து "தெர்மோமீட்டர் இல்லாம ஃபர்னஸ் டெம்பரேச்சரை எப்படி மேடம் பிடிச்சு வச்சிருப்பாங்க" என்றான். இன்னொருத்தி "கார்பன் தற்செயலா ஏறினதா, தெரிஞ்சே ஏத்தினதா, அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க" என்றாள். இரண்டாவது கேள்விக்கு மெட்டலர்ஜி தெரிந்தவரும் தொல்லியல் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் பதில். அந்த வகுப்பில் மெட்டலர்ஜி தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். கஞ்சமலை இரும்புத்தாதும் ஸ்டீல் பிளான்ட்டும் அவர்கள் வீட்டிலிருந்து பஸ் தூரம். நான் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன், அடுத்த வாரம் பழையபடி பி.டி.எஃப். அனுப்பி முடித்துவிட்டார்கள்.

அதனால் என் அபிப்பிராயம் இது. பதினைந்து வயதில் பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பக்கம் வரலாறும் இலக்கியமும் தொடாத "நல்ல" பிள்ளைகள், இன்னொரு பக்கம் அதைத் தவிர வேறு எதுவும் கிடைக்காத "சுமார்" பிள்ளைகள் என்று வைக்கிறோம். இரண்டு வகுப்பும் கெட்டுப்போகிறது. முதல் வகுப்புக்கு அது ஒரு கிரெடிட், இரண்டாவது வகுப்பில் பாடம் கேட்கிற மனநிலையிலேயே பாதிப் பிள்ளைகள் இல்லை. உங்கள் பெண்ணை மாதிரி ஒருத்தி விரும்பி வந்து உட்கார்ந்தால் அந்த வகுப்பில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் நல்லது. ஆனால் அதற்காக உங்கள் பெண்ணைப் பலி கொடுங்கள் என்று நான் கேட்க முடியாது, அதனால் வேலைக்கான வழியையும் சொல்லிவிடுகிறேன்.

எந்த குரூப் படித்தாலும் ஐந்து வருட பி.ஏ. எல்எல்.பி. சேரலாம், சேலத்திலேயே சட்டக் கல்லூரி இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் தேர்வு, அதற்கு ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கப் பழக வேண்டும், இப்போதே ஆரம்பிக்கலாம். தொல்லியலில் ஆர்வம் என்றால் எம்.ஏ.வுக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறையே ஒரு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. பி.ஏ., பி.எட். முடித்தால் டெட் எழுதி பள்ளி ஆசிரியர். இதில் எதுவும் நிச்சயமில்லை. பி.இ.யும் நிச்சயமில்லை என்று மேலே மெக்கானிக்கல் தம்பி சொல்லிவிட்டார்.

அம்மாபேட்டை டு பெங்களூர்

ஏற்காடு தம்பி, நல்லாக் கேட்டீங்க. உங்க தங்கை செய்தது பெரிய வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலைக்கு அவருக்கு யாராவது சம்பளம் கொடுத்தார்களா? இல்லைதானே. அதைத்தான் நான் சொல்கிறேன். ஊருக்கு வேண்டிய வேலை, ஆனால் ஊர் காசு கொடுக்காது. இதை மாற்றுகிற வரைக்கும் ஒரு அப்பாவிடம் "விரும்பியதைப் படிக்க வையுங்க" என்று சொல்ல எனக்கு மனசு வராது.

சரி, சேர்ப்பது என்றே முடிவு பண்ணினால், கணக்குப்பதிவியல் இருக்கிற அந்த அரசுப் பள்ளி குரூப்பையே எடுங்க அண்ணா. நாளைக்கு சி.ஏ., பி.காம் பக்கம் திரும்பவும் வழி இருக்கும். வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல் என்று முழு ஆர்ட்ஸ் குரூப் வேண்டாம். இது என் தனிப்பட்ட கருத்து.

காப்பிக்காடு (ஏற்காடு)

சம்பளம் கொடுக்கவில்லை அண்ணா, உண்மை. இப்போது ஒரு பள்ளியில் தற்காலிகமாக வேலை பார்க்கிறாள். நீங்கள் சொன்னதை அவளிடம் படித்துக் காட்டினேன், "அவர் சொல்றது சரிதான், ஆனா நிலம் வந்தா அது எத்தனை வருஷச் சம்பளம்னு அவரையே கணக்குப் போடச் சொல்லு" என்றாள்.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பெண்ணிடம் எல்லாவற்றையும் காட்டினேன். பெங்களூர் தம்பி எழுதியதைத்தான் இரண்டு முறை படித்தாள், கொஞ்சம் கோபமும் பட்டாள். அப்புறம் கணக்குப்பதிவியல் யோசனை சரி என்று ஒத்துக்கொண்டாள். எனக்கும் அது நிம்மதி, பட்டறையில் ஜி.எஸ்.டி. கணக்குக்கு வெளியில் கொடுக்கிற காசாவது மிஞ்சும் என்று சொன்னேன், முறைத்தாள். அவள் அம்மா இன்னும் முழு மனசாக இல்லை, வக்கீல் ஆகலாம் என்று கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாள். மச்சானிடம் யார் சொல்வது என்பதுதான் பாக்கி.

திங்கட்கிழமை அந்த அரசுப் பள்ளிக்குப் போகிறோம். ஒரே ஒரு சந்தேகம், வாத்தியார் ஐயா இருந்தால் சொல்லுங்க. அந்த குரூப் அங்கே தமிழ் வழியில் மட்டும்தானாம். இவள் எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழி. திடீரென்று மாறினால் கஷ்டப்படுவாளா? அப்புறம் தமிழ் வழியில் படித்தால் அரசு வேலையில் தனி ஒதுக்கீடு உண்டு என்று பட்டறையில் ஒருத்தர் சொன்னார், அது இவளுக்கு வருமா?

வாழப்பாடி வாத்தியார்

அந்த 20 சதவீத ஒதுக்கீடு வராது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கிற படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது.

கஷ்டம் முதல் காலாண்டு வரைக்கும் இருக்கும். வணிகவியல், கணக்குப்பதிவியலில் கலைச்சொற்கள்தான் இடிக்கும், வரலாறு சீக்கிரம் பிடிபட்டுவிடும். பாடநூல் கழகத்தின் ஆங்கில வழிப் புத்தகமும் அதே பாடம், அதே வரிசைதான், நெட்டில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும், பின்னால் க்யூட் எழுதினாலும் அது உதவும். திங்கட்கிழமை போகும்போது மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் நாலுக்கும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் ஆபீசில் ஆளைப் பிடிப்பது சிரமம்.